பிளானர் வேலைக்குப் பணம் கட்டிப் படிக்க வைக்கும் முன்

"சப்ளை செயின் படித்தால் நல்ல வேலை கிடைக்குமாமே, பிள்ளையை இந்த மாதமே சேர்த்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் அவசரம் வேண்டாம். முதல் நான்கு வாரம் வீட்டிலேயே ஒரு நோட்டுப் புத்தகமும் எக்ஸெலும் போதும். இந்த வேலை பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிளானர், அதாவது உற்பத்தித் திட்டமிடுபவர், என்னதான் செய்கிறார்? எதை, எவ்வளவு, எப்போது செய்வது அல்லது வாங்குவது என்று தீர்மானிக்கிறார். அதிகமாக வாங்கினால் பணம் கிடங்கில் முடங்கும், குறைத்து வாங்கினால் லைன் நிற்கும். இரண்டுக்கும் அவரைத்தான் கேட்பார்கள்.

பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். 8-ஆம் வாரத் தொடக்கத்தில் 100 நாற்காலி அனுப்ப வேண்டும். தயாராக இருப்பவை 30. ஒரு நாற்காலிக்கு 4 கால். ஸ்டோர்ஸ் கணக்கில் 120 கால் இருக்கிறது. பூட்ட 1 வாரம் ஆகும், கால் வந்துசேர 2 வாரம் ஆகும். செய்ய வேண்டியவை 70 நாற்காலி, அதற்கு 280 கால் வேண்டும். ஆகவே வாங்க வேண்டியது 160. பூட்டுவதை 7-ஆம் வாரத் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும், காலுக்கான ஆர்டர் 5-ஆம் வாரத் தொடக்கத்தில் போக வேண்டும். எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) என்று பெரிய பெயரில் சொல்வதன் அடிப்படை இந்தக் கழித்தலும் பின்னோக்கி எண்ணுவதும்தான்.

அடுத்த கேள்விதான் முக்கியம். ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்தால் 120 இல்லை, 80 தான் இருக்கிறது. இப்போது என்ன ஆகும்? 160 வாங்கியிருந்தால் மொத்தம் 240 கால், 60 நாற்காலிதான் தேறும், 10 குறையும். சப்ளையர் 200, 200 ஆகத்தான் கொடுப்பார் என்றால் இருக்கும் 80-உடன் 200 சேர்ந்து 280 ஆகிவிடும், வேலை தடையின்றி முடியும். ஆனால் கணக்கில் 40 கால் மிச்சம் என்று காட்டும், அலமாரி காலியாக இருக்கும். தவறு மறைந்துகொண்டு அடுத்த ஆர்டரில் கழுத்தைப் பிடிக்கும். இதைப் பிள்ளை தானாகவே தோண்டிப் பார்த்தால் தயங்காமல் சேருங்கள். விடை வந்ததும் நோட்டை மூடிவிட்டால் இன்னும் சில வாரம் பொறுங்கள்.

மூன்றாவது வாரம் சேஃப்டி ஸ்டாக்கை, அதாவது தேவை திடீரென ஏறினாலும் சமாளிக்க வைக்கும் கூடுதல் இருப்பை, கணக்கிடப் பழகச் சொல்லுங்கள். நாளொன்றுக்குச் சராசரித் தேவை 100, திட்ட விலக்கம் (தேவை சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 20, சரக்கு வர 9 நாள், 95 சதவீதச் சேவை மட்டம் (நூற்றில் 95 தடவை சரக்கு தீராமல் இருப்பது) என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீதத்துக்கு உரிய எண்ணான 1.65 ஐ 20 ஆல் பெருக்கி, 9-இன் வர்க்கமூலமான 3 ஆல் பெருக்கினால் 99. 9 நாள் தேவையான 900-ஐக் கூட்டினால் 999. இருப்பு 999-க்கு இறங்கும்போது ஆர்டர் போட வேண்டும். தொடக்கத்தில் பலரும் வர்க்கமூலத்தை மறந்து 9 ஆலேயே பெருக்குவார்கள். 99 இருக்க வேண்டிய இடத்தில் 297 வந்து நிற்கும், மூன்று மடங்கு பணம் முடங்கும். இன்னொன்று: சரக்கு வரும் நாட்களும் முன்பின் ஆகும் என்றால் இந்தச் சூத்திரம் குறைத்துத்தான் காட்டும்.

இனி சான்றிதழ். இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்டவை, 1957-இல் அமெரிக்காவில் தொடங்கி அபிக்ஸ் என்ற பெயரில் வளர்ந்து இப்போது ஏஎஸ்சிஎம் என்று அழைக்கப்படும் அமைப்பு நடத்தும் தேர்வுகள். தொழிற்சாலைக்குள் திட்டமிடல், இருப்பு, கொள்ளளவு பார்க்க விரும்புகிறவருக்கு சிபிஐஎம். சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை முழுச் சங்கிலியையும் பார்க்க சிஎஸ்சிபி. போக்குவரத்து, கிடங்கு என்றால் சிஎல்டிடி. படிப்பு முடித்த கையோடு மூன்றையும் அடுக்குவது வீண் செலவு. போகப்போகும் மேசை எதுவோ அதற்கு ஒன்று போதும்.

சிபிஐஎம் முன்பு இரண்டு பகுதியாக இருந்தது, இப்போது ஒரே தேர்வு: 150 கேள்வி, மூன்றரை மணி நேரம். மதிப்பெண் 200 முதல் 350 வரை, தேர்ச்சிக்கு 300. பழைய பாடப் பதிப்பைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவோரிடம் கவனம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கினால் நான்கைந்து மாதம் என்று திட்டமிடுங்கள். தேறிய பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 75 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

தோற்பவர்களில் வேலை தெரிந்தவர்களும் உண்டு. தங்கள் கம்பெனியில் நடப்பதை விடையாகக் கொள்வதுதான் காரணம். தேர்வு கேட்பது அமைப்பின் அகராதிப்படியான பொருளை. 'இன்னும் எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம்' என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கையிருப்பும் வரப்போவதும் சேர்ந்ததில், ஏற்கெனவே வாக்குக் கொடுத்ததைக் கழித்தது அது. விற்பனைக் கணிப்பைக் கழிப்பதில்லை. அதைக் கழித்துவிட்டு விடை தப்புகிறவர்கள் நிறைய.

சேப் (SAP) என்ற நிறுவன மென்பொருளுக்கான பயிற்சியை அடிப்படைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் இருப்பையும் தேவையையும் காட்டும் அதன் எம்டி04 திரையைத் திறக்க ஒரு நாளில் கற்றுவிடலாம். அதில் ஆர்டரைத் தள்ளிப்போடு என்று வரும் எச்சரிக்கை ஏன் வந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் நேர்முகத் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். எக்ஸெலில் பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், சம்இஃப்ஸ் மூன்றும் விரல் நுனியில் இருக்கட்டும். புதிதாக வருபவரின் நாள் பெரும்பாலும் அதில்தான் போகும்.

முதல் வேலை பிளானர் என்ற பெயரில் வராமல் போகலாம். ஸ்டோர்ஸ் உதவியாளர், கொள்முதல் உதவியாளர், டிஸ்பாட்ச் என்று வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். கணக்கில் 120, அலமாரியில் 80 ஆவது எப்படி என்று அங்கேதான் தெரியும்: ரசீது பதியாமல் இறக்கிய சரக்கு, சீட்டு இல்லாமல் எடுத்துப்போன பொருள், ஸ்கிராப்பைக் கழிக்காத ஷிஃப்ட்.

பயிற்சி மையத்தில் மூன்றை மட்டும் கேளுங்கள். கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் சேர்ந்ததா? பாடப் புத்தகம் தற்போதைய பதிப்பா? ஒரு பொருளின் ஓராண்டு விற்பனைத் தரவைக் கொடுத்து மாணவரையே திட்டம் போடச் சொல்வார்களா? மூன்றாவதற்கு மழுப்பினால் வேறு மையம் பாருங்கள்.