ஒரு தட்டு தவறினால் அடுத்ததும் தவறுவது ஏன்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஒரு வருடமாக ட்ராப் (எந்திரம் வீசும் களிமண் தட்டுகளைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கும் விளையாட்டு) சுடுகிறேன், வலது கைப்பழக்கம். 25 தட்டுகளில் முதல் பத்து நன்றாக உடைகின்றன. ஒன்று தவறிவிட்டால் அடுத்த மூன்று நான்கும் போய்விடுகின்றன. வலப்பக்கம் பறப்பவைதான் அதிகம் தவறுகின்றன. மாதம் ஒருமுறைதான் ரேஞ்சுக்குப் போக முடிகிறது. மனதை ஒருமுகப்படுத்த தியானம் உதவுமா?

பதில்: தியானம் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறு மனதில் தொடங்கினாலும், தட்டைத் தவறவிடுவது கண்தான்.

ஒரு தட்டு தப்பியதும் 'அடுத்ததைச் சரியாகக் குறி வைக்கணும்' என்று தோன்றும். உடனே பார்வை தட்டிலிருந்து விலகிக் குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் சிறு மணிக்கு வந்துவிடும். ரைபிளுக்கு அது சரி, ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன்னுக்கு ஆகாது. மணியைப் பார்த்த கணத்தில், தட்டோடு சேர்ந்து நகரும் துப்பாக்கியின் வீச்சு நின்றுவிடும், ரவை தட்டுக்குப் பின்னால் போகும். 35 மீட்டர் தூரம் போக ரவைக்குப் பத்தில் ஒரு நொடி ஆகிறது. சாய்வாகப் பறக்கும் தட்டு அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். தட்டின் அகலமோ வெறும் 11 சென்டிமீட்டர். அதனால் பார்வை தட்டின் முன்விளிம்பிலேயே இருக்கட்டும். விசையை அழுத்திய பிறகும் வீச்சு தொடரட்டும்.

வலப்பக்கத் தட்டுக்கு வேறு காரணமும் உண்டு. வலது கைக்காரர் கையால் மட்டும் துப்பாக்கியை வலப்பக்கம் தள்ளினால், தோளில் பதியும் பின்பக்கக் கட்டை கன்னத்தை விட்டு விலகிவிடும். இடுப்பிலிருந்து திரும்புங்கள். கட்டை கன்னத்துக்கு வர வேண்டும், தலை கட்டையைத் தேடிப் போகக் கூடாது. உடைந்ததா என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் ரவை மேலே போகும். எல்லோருக்கும் வரும் ஆசைதான் அது.

இத்தனைக்கும் முன்னால் எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்க மூளை நம்பும் கண், என்று பார்த்துவிடுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே ஏற்காடு மலையில் ஏதாவது ஒரு புள்ளியை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது புள்ளி மறைகிறதோ, அதுவே ஆதிக்கக் கண். உங்களுக்கு அது இடது கண்ணாக இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். சுடும்போது அணியும் கண்ணாடியின் இடது பக்கத்தில் சிறு டேப் ஒட்டுவார்கள்.

இப்போது மனசுக்கு வருவோம். ஆறு பேர் சுடும் அணியில் உங்கள் முறை திரும்ப வருவதற்குள் மனம் எங்கெங்கோ போய்வரும். ஸ்கோரைக் கூட்டிப் பார்க்கும், பக்கத்து ஆளின் தட்டை எண்ணும். அதற்கு வேலை கொடுங்கள்: தோட்டா போடுதல், ஒரு மூச்சு, கட்டையைக் கன்னத்தில் பொருத்துதல், பார்வையைக் குழலுக்கு அப்பால் தூரத்தில் தளர்வாக விடுதல், அப்புறம் தட்டை விடச் சொல்லும் 'புல்' (pull) என்ற குரல். தவறினாலும் உடைந்தாலும் இதே வரிசை, இதே வேகம். தவறிய பிறகு 'இந்தத் தடவை கவனமாக' என்று கூடுதலாக ஒரு நொடி நிற்காதீர்கள், கெடுவது அங்கேதான். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டவர். அப்படிப்பட்டவர்களின் போட்டிக் காணொளி கிடைத்தால் ஸ்கோரை விட்டுவிட்டு, இரண்டு தட்டுகளுக்கு நடுவே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை ரேஞ்ச் போதாதுதான். மீதி நாட்களில் வீட்டில் பத்து நிமிடம் போதும். துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் குழலை மெதுவாக ஓட்டுங்கள். கன்னம் கட்டையில் ஒட்டியே இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், எதிர்வீட்டார் போலீஸுக்குப் போன் போடுவதற்குள். மொட்டை மாடியில் துப்பாக்கி வேண்டாம். அங்கே பறக்கும் புறாவை விரலால் சுட்டி, பார்வை விரலுக்குத் தாவாமல் பறவையிலேயே நிற்கிறதா என்று பழகுங்கள்.

நோட்டில் ஸ்கோர் எழுதுவதை இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் போன தட்டு தவறியது, முதல் குண்டு மட்டும் தவறியதா இரண்டாவதும் தவறியதா, தலை தூக்கினீர்களா என்று மட்டும் குறித்து, அதைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.