தட்டிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்: நிகழ்த்துகலைத் துறை கேள்வி பதில்

பல்கலைக்கழக நிகழ்த்துகலைத் துறை ஒன்றில் நெடுங்காலம் பயிற்சிக் கூடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். பாடத்திட்டத்தை விடுங்கள், பயிற்சி நடக்கும் இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நடனப் பிரிவில் சேரப் போகிறேன். கூடத்தைச் சுற்றிக் காட்டும்போது எதைக் கவனிப்பது?

பதில்: தரையை. கண்ணாடி, ஏசி, விளக்கு எல்லாம் அப்புறம். செருப்பைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்தில் நின்று குதிகாலால் ஓங்கித் தட்டுங்கள். ‘தொம்’ என்று கேட்டு, பக்கத்தில் நிற்பவர் காலிலும் லேசாக அதிர்ந்தால், மரத்தரைக்கு அடியில் சட்டமோ ரப்பரோ கொடுத்து இடைவெளி விட்டிருக்கிறார்கள். ‘டப்’ என்று செத்த சத்தம் வந்து உங்கள் குதிகால் மட்டும் வலித்தால் அது சிமெண்ட். மேலே பளபளவென்று மரப்பலகை ஒட்டியிருந்தாலும் சிமெண்ட் சிமெண்ட்தான். குதித்து இறங்கும் வேகத்தைத் தரை வாங்கிக்கொள்ளாவிட்டால் கணுக்காலும் முழங்காலும் வாங்கும். முதலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வரும். பொருட்படுத்தாமல் ஆடினால் எலும்பில் மயிரிழை விரிசல்வரை போகும்.

கேள்வி: சிமெண்ட்மேல் வினைல் விரிப்பு போட்டால் போதாதா?

பதில்: போதாது. வினைல் கால் வழுக்காமல் இருப்பதற்கு. அதிர்ச்சியைத் தாங்குவது அதற்கு அடியில் இருக்கும் மரத்தரையின் வேலை.

கேள்வி: பயிற்சி அறைச் சுவரெல்லாம் நுரைப்பஞ்சு ஒட்டினோம். பக்கத்து அறை டிரம்ஸ் அப்படியே கேட்கிறதே?

பதில்: கேட்கத்தான் செய்யும். பஞ்சு அறைக்குள் சுற்றும் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலி. ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் ராத்திரி ராத்திரியாக அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அரங்க ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த மெத்தைகள் செய்ததைத்தான் உங்கள் பஞ்சும் செய்கிறது. வெளிச் சத்தத்தைத் தடுக்க கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து கதவின் அடியைப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடுக்கு வழியாக டிரம்ஸும் வரும்.

கேள்வி: பியானோவை ட்யூன் செய்த ஒரே மாதத்தில் சுருதி விலகுகிறது. ட்யூனரை மாற்றலாமா?

பதில்: அவரை விட்டுவிடுங்கள். ராத்திரி ஏசியை அணைக்கிறீர்களா? ஈரப்பதம் ஏறினால் கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலிக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை உப்பிக் கம்பிகள் இறுகும், இறங்கினால் தளரும். 40-50 சதவீதத்தில் ஏறாமல் இறங்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: விடுதி உண்டா, கட்டணம் எவ்வளவு?

பதில்: சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: சிமெண்ட்மேல் யோகா மேட் விரித்தால்?

பதில்: இரண்டாவது பதிலில் வினைலுக்குப் பதில் மேட் என்று போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு இது நழுவவும் செய்யும்.

கேள்வி: நான் நடன ஆசிரியை. கண்ணாடியை ‘அப்புறம்’ என்று தள்ளிவிட்டீர்களே. அது இல்லாமல் இருபது பேரின் வரிசையை எப்படிச் சரிசெய்வது?

பதில்: வேண்டாம் என்று சொல்லவில்லையே. கண்ணாடிக்கு முன்னால் திரை போடுங்கள் என்கிறேன்.

கேள்வி: நாடக மாணவன். எங்கள் ஒத்திகை அறையில் கண்ணாடியே கூடாது. எதிரே நிற்பவரை விட்டுவிட்டு எல்லோரும் தன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: மறுபடி நடன ஆசிரியை. நடிகர்களுக்குச் சரி. எங்களுக்கு அடவு சுத்தம் கண்ணாடியில்தான் தெரியும்.

பதில்: தெரியும், உண்மை. ஆனால் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய இடத்திலும் மாணவியின் கண் கண்ணாடியிலேயே நிற்கும், கழுத்து கோணும். மேடை ஏறிய முதல் நாள் எதிரே வெறும் இருட்டு. கை எங்கே போகிறது என்று தெரியாமல் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொடுக்கும்போது திரையைத் திறங்கள், முழு நடன உருப்படியை ஓட்டும்போது மூடுங்கள். நாடகக்காரர்களும் அதே கூடத்தைப் பயன்படுத்தலாம், சண்டை வராது.

கேள்வி: மூடினால் மாணவிகள் பயப்படுகிறார்களே, ஐயா?

பதில்: முதல் வாரம் பயப்படுவார்கள், அம்மா. விடுங்கள்.

கேள்வி: டைல்ஸ் தரை பரவாயில்லையா?

பதில்: தட்டிப் பார்த்தீர்களா?