மார்சேய் போகிறவர்கள் கேட்டவை

பாரிஸ் பற்றி எழுதியபோது வந்த கடிதங்களைவிட, தெற்கே கடலோரம் இருக்கும் மார்சேய் பற்றித்தான் இந்த முறை அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: பாரிஸிலிருந்து காலையில் போய் இரவு திரும்ப வேண்டும். ஒரே நாளில் எதைப் பார்ப்பது? (சேலம்)

டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். முதல் வண்டியைப் பிடித்தால் பத்து, பத்தரைக்கு சான் ஷார்ல் நிலையத்தில் இறங்கிவிடலாம். உடனே மெட்ரோவுக்குள் நுழைந்துவிடாதீர்கள். நிலைய வாசலில் 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு இருக்கிறது. அதன் மேலே நின்று பாருங்கள். ஊர் முழுக்கக் கீழே கிடக்கும், எதிர்க் குன்றின் உச்சியில் தங்கச் சிலையோடு ஒரு தேவாலயம் தெரியும். அதுவே நம் திசைகாட்டி.

கீழே இறங்கி நடந்தால் லா கானபியேர் என்ற அகலமான சாலை நேராகப் பழைய துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். கயிறு திரிக்கும் சணல் செடியின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. கப்பல்களுக்கு வேண்டிய கயிறு அங்கேதான் தயாரானது. துறைமுக முனையில் மீனவர்கள் மேசை போட்டு, அன்று பிடித்ததை விற்றுக்கொண்டிருப்பார்கள். மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள், அதனால் முதலில் அங்கே போங்கள். பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 2013-இல் அமைத்த பெரிய கண்ணாடிப் பந்தல் இருக்கிறது. உண்மையில் அது பளபளப்பாக்கிய எஃகுத் தகடு. அண்ணாந்து பார்த்தால் நாமே தலைகீழாகத் தொங்குவோம். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது சிரமம்.

அப்புறம் வடகரையில் ஏறினால் லு பானியே, ஊரின் மிகப் பழைய பகுதி. கிமு 600 வாக்கில் ஆசியா மைனரின் ஃபோக்கேயா நகரத்துக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய மேடு. சந்துகளில் வழி தவறினால் கவலை வேண்டாம், எப்படியும் கீழே கடல்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேட்டில் குறுகிய சந்துகள். கீழே கரையோரம் மட்டும் நேர்வரிசையில் ஐம்பதுகளின் கட்டடங்கள். 1943-இல் நாஜிகள் அந்தக் கரையோரப் பகுதியிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வெற்றிடத்தில் போருக்குப் பிறகு எழுந்தவை அவை. பலர் "இந்தப் பக்கம் அழகாக இல்லையே" என்று படம் எடுக்காமல் போய்விடுவார்கள்.

மேட்டிலிருந்து ஒரு நடைபாலம் சான் ழான் கோட்டைக்கும், அங்கிருந்து இன்னொரு பாலம் மூசெம் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடிக்கும் போகிறது. மாலை வெயிலில் அங்கே உட்கார்ந்துவிட்டு ரயிலுக்குப் போகலாம். கோட்டைத் தோட்டத்துக்கும் மாடிக்கும் கட்டணம் இல்லை. உள்ளே கண்காட்சிக்கு மட்டும்தான் சீட்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. குன்றின் மேல் இருக்கும் மாதா கோவிலுக்கு அழைத்துப் போக முடியுமா?

முடியும். பழைய துறைமுகத்திலிருந்து 60-ஆம் எண் பேருந்து மேலேயே போகிறது. இறங்கிய பிறகும் படிகள் உண்டு, ஆனால் அவசரமில்லை. பாதியில் நின்றாலும் கடல், தீவுகள், ஊர் எல்லாம் தெரியும். நோத்ர் தாம் த லா கார்த் என்பது முழுப்பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு 'பொன் மேர்', அதாவது நல்ல அம்மா. 1864-இல் திறந்தது. உள்ளே கூரையிலிருந்து சிறிய கப்பல் பொம்மைகள் தொங்கும். கடலில் பிழைத்து வந்தவர்களின் நேர்த்திக்கடன். சுவர் முழுக்க நன்றி சொல்லும் பளிங்குக் கற்கள். வேளாங்கண்ணியில் வெள்ளியில் கப்பலும் தொட்டிலும் காணிக்கை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. வெளிச்சுவரில், ஊரை நாஜிகளிடமிருந்து மீட்ட 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டுத் தடங்களையும் காட்டுங்கள்.

கே: 'மத்தி மீன் துறைமுகத்தை அடைத்த ஊர்' என்று மார்சேய்க்காரர்களைக் கேலி செய்கிறார்களே, ஏன்? (புதுச்சேரி)

இந்தக் கேள்வி புதுச்சேரியிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் கதை உங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்களைத் தாய்நாட்டுக்கு ஏற்றி வந்த கப்பலின் பெயர் சார்த்தீன். கடற்படை அமைச்சராக இருந்தவரின் பெயர் அது. பின்னாளில் புரட்சி அரசின் ஐந்து இயக்குநர்களில் ஒருவரான பராஸும் அதில் இருந்தார். கைதிகளை ஏற்றி வரும் கப்பலைத் தாக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனாலும் 1780 மே மாதம் போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பல் சுட்டது, தலைவர் இறந்தார். அடிபட்ட கப்பல் எப்படியோ மார்சேய் வரை வந்து, துறைமுக வாயிலிலேயே மூழ்கி வழியை அடைத்துக்கொண்டது.

சார்த்தீன் என்றால் கப்பல், சார்தீன் என்றால் மத்தி. நடுவில் ஒரு 'த்'தான் வித்தியாசம். அந்த ஒற்றெழுத்து விழுந்ததில், மத்தி மீனே துறைமுகத்தை அடைத்ததாகக் கதையாகி, ஊரே கதை அளக்கும் ஊர் என்று பெயர் வாங்கிவிட்டது. இருபுறமும் நிற்கும் கோட்டைகளுக்கு நடுவே அந்தத் துறைமுக வாயிலைப் பார்த்தால், ஒரு கப்பல் அடைக்கப் போதுமான அகலம்தான் என்பது புரியும்.

கே: இஃப் கோட்டை நாவலுக்காக மட்டும் புகழ்பெற்றதா?

பெரும்பாலும் ஆமாம். மார்சேய்க்கு எதிரே ஒரு தீவில், முன்பு சிறையாக இருந்த கோட்டை அது. அலெக்சாந்தர் தூமாவின் 'மான்டி கிறிஸ்டோ' நாவலின் நாயகன் கற்பனை ஆள், ஆனாலும் அவன் அடைபட்ட அறை என்று ஒன்றைச் சுவரில் துளையோடு காட்டுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நிஜமாகவே அங்கே வாடியவர்கள் நூற்றுக்கணக்கான புராட்டஸ்டன்டுகள்.

எனக்குப் பிடித்த கைதி வேறு. குஜராத் சுல்தான் போர்ச்சுக்கீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515-இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. அதைப் போர்ச்சுகல் மன்னர் போப்பாண்டவருக்கு அனுப்பினார். வழியில், 1516 தொடக்கத்தில், மார்சேய்க்கு எதிரே இந்தத் தீவில் இறக்கி நிறுத்தினார்கள். பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா நேரில் வந்து பார்த்தார். பாவம், அந்த விலங்கு இத்தாலிக் கரையருகே கப்பலோடு மூழ்கியது. சில ஆண்டுகள் கழித்து அதே மன்னர்தான் தீவில் கோட்டை கட்டச் சொன்னார்.

படகு இருபது நிமிடம்தான். மிஸ்த்ரால் காற்று வீசினால் தீவில் இறக்க மாட்டார்கள். முன்கூட்டியே சீட்டு வாங்குவதைவிட அன்று காலை படகுத்துறையில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கே: சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஊரின் பெருமை புய்யபேஸ் என்ற மீன் குழம்பு. உங்களுக்கு அது இல்லை, பர்சுக்கும் நல்லது. 'பானிஸ்' கேளுங்கள். கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரிப்பது. உப்பும் மிளகும் தூவி காகிதத்தில் கட்டித் தருவார்கள். பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம். நோவாய் சந்தைப் பக்கம் போனால் துனீசிய, அல்ஜீரியக் கடைகளில் கொண்டைக்கடலை, காய்கறி போட்ட குஸ்குஸ் என்ற கோதுமை ரவை உணவு கிடைக்கும். குழம்பில் இறைச்சிச் சாறு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொத்தமல்லிக்கட்டும் பச்சை மிளகாயும் குவிந்திருக்கும் அந்தச் சந்து, ஒரு வாரம் ரொட்டி தின்ற நாக்குக்கு மருந்து. வீட்டுக்கு வாங்க 'நவெத்'. படகு வடிவில், ஆரஞ்சுப் பூ மணம் கொண்ட பிஸ்கட். கல் மாதிரி இருக்கும், காபியில் நனையுங்கள்.

(மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புய்யபேஸில் நான்கு வகை மீனாவது இருக்க வேண்டும், சாறு முதலில் தனியாக வரும், மீன் பின்னால் வரும். மலிவு விலைப் பலகையைப் பார்த்தால் நடந்துகொண்டே இருங்கள்.)

கே: மார்சேய் ஆபத்தான ஊர் என்கிறார்களே?

போதைக் கும்பல்களின் துப்பாக்கிச் சூடு பற்றி வரும் செய்திகள் பொய்யில்லை. அவை பெரும்பாலும் வடக்குப் புறநகர் அடுக்ககங்களில் நடப்பவை. சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலையில்லை. உங்களுக்கு நேரக்கூடியது ஜேப்படி. என் நண்பர் துறைமுகத்தில் காபி மேசைமேல் போனை வைத்துவிட்டுச் சர்க்கரை கிளறினார். கிளறி முடிப்பதற்குள் போன் இல்லை. ரயில் நிலையத்தைச் சுற்றி இரவில் தனியாக அலையாதீர்கள், அவ்வளவுதான்.

கே: ஜூலையில் கலாங்க் பார்க்க நடந்தே போகலாமா?

கலாங்க் என்பது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் விரல் நீட்டி நுழைந்த குறுகிய குடாக்கள். 2012 முதல் தேசியப் பூங்கா. ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயம் அதிகமென்றால் வழிகளை அன்றன்றைக்கு மூடிவிடுவார்கள். முந்தைய மாலையே அறிவிப்பு வரும், பார்க்காமல் கிளம்பாதீர்கள். சுஜித்தோன் குடாவுக்குக் கோடையின் உச்சத்தில் முன்பதிவு கட்டாயம். கட்டணம் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு 400 பேர்தான். முன்பு 2,500 பேர் வரை மிதித்ததில் மண் அரித்து மரவேர்கள் வெளியே வந்துவிட்டன.

வெயிலில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. ஜூலை என்றால் படகில் போங்கள். நடக்க ஆசை இருந்தால் ஏப்ரல் அல்லது அக்டோபருக்குத் தள்ளிப்போடுங்கள்.

இதே கரையில்தான் மூழ்காளர் ஆன்ரி கோஸ்கேர், கடலுக்குள் 37 மீட்டர் ஆழத்தில் வாசல் கொண்ட ஓவியக் குகையைக் கண்டார். பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது மனிதர்கள் நடந்தே உள்ளே போனார்கள். குதிரை, காட்டெருமையோடு சீல்களையும் கடற்பறவைகளையும் வரைந்திருக்கிறார்கள். அந்தக் குகையின் நகலை 2022-இல் மூசெம் பக்கத்திலேயே திறந்தார்கள். மழை நாளுக்கு ஏற்றது.

கே: கட்டடக்கலை படிக்கிறேன். லெ கொர்பூசியேயின் அடுக்ககம் உள்ளே போக முடியுமா?

மொட்டைமாடி வரை போகலாம். 337 வீடுகள், 1952-இல் முடிந்தது. நடு மாடியில் கடைத்தெரு, உச்சியில் குழந்தைகளுக்கான சிறு குளம். கட்டிய காலத்தில் ஊர்க்காரர்கள் 'பைத்தியக்காரன் வீடு' என்றார்கள், இன்றும் அன்போடு அப்படித்தான் சொல்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ ஒரே தொகுப்பாக அறிவித்த அவரது 17 படைப்புகளில் இதுவும் உண்டு, நம் சண்டிகரும் உண்டு. மக்கள் குடியிருக்கும் இடம், தாழ்வாரத்தில் சத்தம் வேண்டாம்.

அந்தத் தெற்குப் பக்கம் போனால் மசார்க் போர்க் கல்லறையையும் பாருங்கள். 1914 செப்டம்பரில் இந்தியப் படை ஐரோப்பாவில் முதலில் கால்வைத்தது மார்சேயில்தான். கல்லறைக்குள் இந்தியர்களுக்கென்று தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. நான் போனபோது ஒருவரும் இல்லை.

கே: சோப்பு வாங்கலாமா?

கனசதுரக் கட்டியாக, '72%' என்று முத்திரை குத்தியிருப்பதை வாங்குங்கள். எண்ணெய் அளவு அது. ஆலிவ் எண்ணெய் என்றால் மங்கிய பச்சை நிறம், வேறு தாவர எண்ணெய் என்றால் வெளிர் மஞ்சள். ஊதா நிறம், லாவண்டர் வாசனை எல்லாம் பரிசுப் பொட்டலம்தான். நல்ல கட்டி அரை கிலோவுக்கு மேலேயே இருக்கும், விமானப் பெட்டியின் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.