ஊருணி, கண்மாய், போர்: வறட்சிக் காலக் கேள்விகளுக்குப் பதில்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணி (குடிநீர்க் குளம்), கண்மாய் (பாசன ஏரி) வேலைகளில் பல வருடமாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவது பற்றித்தான். அவற்றைக் கடைசியில் சேர்த்துப் பார்க்கலாம், மற்றவை முதலில்.

கேள்வி (திருவாடானை): அண்ணே, எங்க ஊர் ஊருணி பங்குனியிலேயே வற்றிப்போகுது. ஜேசிபி விட்டு இன்னும் பத்தடி தோண்டலாம்னு ஊர்க்கூட்டத்தில் முடிவு பண்ணியிருக்கோம். சரிதானே?

பதில்: தயவுசெய்து அந்த வண்டியை நிறுத்தி வையுங்கள். நம் பகுதியில் ஊருணியில் தண்ணீர் நிற்பதே அடியில் இருக்கும் களிமண் படலத்தால்தான். அதை உடைத்து மணலுக்குள் போய்விட்டால் நிரம்பின தண்ணீர் கீழே இறங்கிவிடும், பல இடங்களில் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் வேறு ஊறி மேலே வரும், அப்புறம் குடிக்கவே ஆகாது. முதலில் நாலைந்து இடத்தில் சின்னக் குழி போட்டு களி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள், படிந்திருக்கும் வண்டலை மட்டும் எடுங்கள், களியில் குறைந்தது மூன்றடியாவது மிச்சம் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், போன மழைக்கு உங்கள் ஊருணி நிரம்பியதா? நிரம்பவில்லை என்றால் ஆழம் போதாமல் இல்லை, தண்ணீர் வந்து சேரவில்லை. தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் நடந்து பாருங்கள். எங்காவது புது ரோடு குழாய் வைக்காமல் குறுக்கே போயிருக்கும், இல்லை ஒருவர் வேலி போட்டிருப்பார், இல்லை வாய்க்கால் முழுக்க சீமைக்கருவேலம் (கருவை) மண்டிக் கிடக்கும். ஒரு வாரம் ஜேசிபிக்குக் கொடுக்கும் வாடகையில் கால் பங்கு போதும் இதைச் சரிசெய்ய. தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு வண்டல் தொட்டியும் கட்டிவிடுங்கள், அடுத்த தடவை தூர் வாரும் வேலை தள்ளிப்போகும்.

கேள்வி (பரமக்குடி): மேலே இருக்கிற கண்மாய் நிரம்பிக் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) பாய்ந்தும் எங்கள் கண்மாய்க்குச் சொட்டு வரவில்லை. நடுவில் பிளாட் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: நம்முடையது சங்கிலிக் கண்மாய்கள். மேல் கண்மாயின் கலுங்குத் தண்ணீர்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே எல்லாமே காய்ந்துபோகும். கிராம வரைபடமும் 'அ' பதிவேட்டு (சர்வே எண் வாரியாக நில வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகலும் வாங்கி, வாய்க்கால் புறம்போக்கு என்று எந்த சர்வே எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அதை வைத்து அளந்து தரச் சொல்லி தாசில்தாருக்கு மனு. நீர்வளத் துறைக் கண்மாய் (முன்பு பொதுப்பணித் துறையில் இருந்தது) என்றால் 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தை மனுவில் குறிப்பிடுங்கள். தனியாளாகப் போகாதீர்கள், ஆயக்கட்டு (அந்தக் கண்மாயில் பாயும் நிலம்) விவசாயிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் போங்கள். மழைக்கு முன்னால், ஆடி ஆவணியிலேயே.

கேள்வி (முதுகுளத்தூர்): ஐயா, இந்தச் சீமைக்கருவேல மரம்தான் காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சி மழையே வராமல் செய்யுது. மாவட்டம் முழுக்க ஒன்று விடாமல் அழித்தால்தான் வறட்சி தீரும் என்கிறார்கள்.

கேள்வி (கமுதி): மேலே கேட்டவருக்கு. அண்ணாச்சி, நாங்கள் கரிமூட்டம் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். மழை பொய்த்த வருசம் நெல்லா எங்களுக்குச் சோறு போட்டது? இந்தக் கருவைதானே!

பதில்: இந்த இரண்டு பேருக்குப் பின்னால் இன்னும் பலர் சண்டைக்கு வந்துவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மழையைத் தடுக்கிறது என்பது பொய். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுக்கவே 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அதில் கருவை அதிகம் இல்லாத தஞ்சாவூரும் உண்டு. மழை வருவதும் பொய்ப்பதும் வங்கக் கடலில் முடிவாகிற விஷயம்.

ஆனால் முதுகுளத்தூர்க்காரர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த மரத்தின் வேர் மிக ஆழம் போகும், கண்மாய்க்குள் வளர்ந்தால் இருக்கிற ஈரத்தை எடுக்கத்தான் செய்யும். வண்டலைப் பிடித்து வைத்து கண்மாயின் கொள்ளளவைக் குறைக்கும், வரத்துக்காலை அடைக்கும், மடைக்குப் போக வழியில்லாமல் செய்யும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். மேலோடு வெட்டின இடத்தில் எல்லாம் அடுத்த மழைக்கே கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கின பிறகும் வருசா வருசம் நாற்றுகளைப் பறிக்க வேண்டும், ஏனென்றால் நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்தே முளைக்கும்.

என் நிலை இதுதான்: கண்மாய், ஊருணி, வரத்துக்கால் மூன்றிலும் ஒரு கருவைகூட இருக்கக் கூடாது. உவர் தட்டிப்போன பட்டா நிலத்தில் வேறு எதுவும் வராத இடத்தில் கரிக்காக வளர்ப்பவரை விட்டுவிடுங்கள். அவருக்கு வேறு பிழைப்பு காட்டாமல் மரத்தை மட்டும் பிடுங்கினால் அவர் திருப்பூருக்குப் பஸ் ஏறுவார், நிலம் அப்படியே கிடக்கும். இதற்கு மேல் சாதியையும் கட்சியையும் இழுத்து எழுதினவற்றுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

கேள்வி (சாயல்குடி): குடம் 15 ரூபாய்க்கு வாங்குகிறோம். 1000 சதுர அடி மாடி இருக்கு. மழைநீர் பிடித்தால் எவ்வளவு தேறும்?

பதில்: நல்ல கேள்வி. 1 மில்லிமீட்டர் மழைக்கு உங்கள் மாடியில் சுமார் 93 லிட்டர் விழும். ஐப்பசியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சேதாரம் போக 3,700 லிட்டர் தேறும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்றால் ஐந்து மாதத்துக்கு 6,000 லிட்டர். அந்த அளவில் தொட்டி கட்டுங்கள், இரண்டு நல்ல மழையில் நிரம்பிவிடும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். மணல், கரி, ஜல்லி போட்ட வடிகட்டி வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் போகக் கூடாது, கொசு போகக் கூடாது. காய்ச்சிக் குடியுங்கள்.

கேள்வி (ஆர்.எஸ். மங்கலம்): மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு கட்டலாமா?

பதில்: கட்டுங்கள். அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகத்தோடு போங்கள், கடைசித் தேதி வரை இழுக்காதீர்கள். இழப்பை உங்கள் வயலை மட்டும் பார்த்துக் கணக்கிட மாட்டார்கள், கிராமத்தையோ பிர்காவையோ (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) மொத்தமாக எடுத்துத்தான் கணக்கிடுவார்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

கேள்வி (கீழக்கரை): 60 அடியில் உப்பு. 200 அடி போனால் நல்ல தண்ணீர் வருமா?

பதில்: கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓரடி இறங்கினால் அடியில் உப்பு நாற்பதடி அளவுக்கு ஏறிவரும். அதனால் அங்கே ஆழக் குழாயைவிட ஆழமில்லாத சின்னக் கிணறு நல்லது, அதையும் மோட்டார் போட்டு உறிஞ்சாமல் கொஞ்சமாக எடுங்கள்.

கேள்வி (கடலாடி): 300 அடி போட்டும் உப்பு. இன்னும் இறக்கலாமா?

பதில்: வேண்டாம். கீழக்கரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (இளையான்குடி): தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இந்த மூலையில் தண்ணீர் உண்டு என்கிறார், போர் போடலாமா?

பதில்: தேங்காய்க்குத் தண்ணீரும் தெரியாது, உப்பும் தெரியாது. பக்கத்து வீட்டு போர்களின் ஆழத்தையும் உப்பளவையும் கேட்டு எழுதுங்கள், அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி (மானாமதுரை): போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 5,000. வீட்டு ஆர்.ஓ. மாட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 2,000 வரைக்கும்தான், அதற்கு மேல் போனால் மெம்பரேன் சீக்கிரம் போய்விடும். பாதிக்கு மேல் தண்ணீர் கழிவாக வெளியேறும், அதைத் தோட்டத்தில் விட்டால் மண்ணும் உவராகும். சாயல்குடிக்காரருக்குச் சொன்ன மழைநீர்த் தொட்டியைக் கட்டுங்கள்.

கேள்வி (திருப்புவனம்): வற்றிப்போன பழைய போர் ஒன்று வயலில் இருக்கு. சாக்கு போட்டு மூடியிருக்கோம், போதுமா?

பதில்: போதாது, இன்றைக்கே மூடுங்கள். குழந்தைகள் விழுந்து இறந்த கதை நம் மாநிலத்தில் ஒன்றிரண்டு இல்லை. மறுபடி பயன்படுத்துவீர்கள் என்றால் இரும்பு மூடியை வெல்டு வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மணலும் களிமண்ணும் கொட்டி வாய் வரை நிரப்பி மேலே காங்கிரீட் போடுங்கள். வயல் தண்ணீரை நேராக அதற்குள் விட்டு நிலத்தடி நீரை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உரமும் பூச்சிமருந்தும் சேர்ந்தே இறங்கும். மூடின பிறகு பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.