கோல்டிட்ஸ் கோட்டை: லைப்சிக்கிலிருந்து நேரடி ரயில் காட்டவில்லையா?

ஜெர்மனியில் இந்தக் கோட்டை இருக்கும் கோல்டிட்ஸ் ஊருக்கு இப்போது பயணிகள் ரயிலே கிடையாது. லைப்சிக்கிலிருந்து கிரிம்மா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடியுங்கள்.

பழைய பயணக் குறிப்பு எதையாவது நம்பித் தேடியிருப்பீர்கள். முல்டே ஆற்றை ஒட்டிய அந்தப் பாதையில் முன்பு ரயில் ஓடியது.

போகும் தேதியையே போட்டு, பஸ்ஸையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் பஸ் குறைவு; திரும்பும் கடைசி பஸ்ஸைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடமல்ல அது. இரண்டாம் உலகப் போரில், தப்பிக்க முயன்ற நேச நாட்டு ராணுவ அதிகாரிகளை ஜெர்மானியர்கள் அடைத்த சிறை. தேவாலயத்துக்கு அடியில் பிரெஞ்சுக் கைதிகள் சுரங்கம் தோண்டினார்கள். பிரிட்டிஷ் கைதிகள் பரணில் ரகசியமாக ஒரு கிளைடரே (எஞ்சின் இல்லாத விமானம்) கட்டினார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து விடுவித்ததால் அது பறக்கவில்லை. வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.