கோட் ஸ்டேட்டோடது, இன்ஸ்பெக்டர் சிட்டிக்காரர்

கேள்வி: ஃப்ளோரிடால பையன் வீட்ல பழைய ஜன்னலெல்லாம் மாத்தணும். கான்ட்ராக்டர் இது ஸ்டேட் கோட் (வீடு எப்படிக் கட்டணும்ங்கற ரூல் புக், பில்டிங் கோட்)ங்கறார், ஆனா பெர்மிட்டுக்கு சிட்டி ஆபீஸ் போகணுமாம். கொலராடோல இருக்கற பொண்ணோ எங்க ஸ்டேட்ல அப்படி ஒரே கோடெல்லாம் கெடையாதுங்கறா. ஒரே நாட்ல ஏன் இவ்ளோ குழப்பம்?
— ஒரு வாசகி

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதாம்மா. சாதாரண வீட்டுக்கு ஃபெடரல் கவர்ன்மென்ட் கோட் எழுதறதில்ல (ஃபேக்டரில செஞ்சு லாரில கொண்டுவந்து வைக்கற வீடு மட்டும் 1976லேர்ந்து அவங்க கைல), மத்தது ஸ்டேட் பொறுப்பு, அதுல எவ்ளோ தானே வச்சுக்குது எவ்ளோ கவுன்டிக்கும் (நம்ம ஜில்லா மாதிரி) சிட்டிக்கும் விட்டுடுதுங்கறதுலதான் வித்தியாசமே. கொலராடோ பெரும்பாலும் விட்டுடுச்சு, அதனால ஊருக்கு ஊர் மாறும். இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்ங்கற அமைப்பு மூணு வருஷத்துக்கு ஒருதரம் போடற புக்தான் நிறைய எடத்துல அடிப்படை, ஆனா அது வெறும் மாதிரி, ஒரு கவர்ன்மென்ட் எடுத்து சட்டமாக்கினாத்தான் செல்லும்.

ஃப்ளோரிடா கதை வேற. 1974லேர்ந்தே லோக்கல் கவர்ன்மென்ட் ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு கோட் வச்சிருக்கணும்னு ரூல் இருந்துச்சு. 1992 ஆகஸ்ட்ல ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெக்கால வீடுங்களைப் பிச்சுப் போட்டப்பதான் வெளிய வந்துச்சு, அந்தப் பக்கத்து கோட் கடுமையானதுன்னு பேர் வாங்கினது, ஆனா கூரைல ஆணி ஒழுங்கா எறங்கியிருக்கான்னு ஏறிப் பாக்கற வேலை சரியா நடக்கல. 2002 மார்ச்லேர்ந்து ஸ்டேட் முழுக்க ஒரே ஃப்ளோரிடா பில்டிங் கோட். லோக்கல்ல அதை இன்னும் கடுமையாக்கலாம், தளர்த்த முடியாது. கொஸ்டின் பேப்பர் ஸ்டேட் செட் பண்ணுது, திருத்தறது லோக்கல் ஆளுங்க. என்னைக் கேட்டா விஷயமே திருத்தறவங்க கைலதான், இன்ஸ்பெக்டர் பத்தாத ஊர்ல எவ்ளோ நல்ல கோட் இருந்து என்ன பண்ண.

எப்பவும் மேலேர்ந்துதான் ரூல் வரும்னும் இல்ல. 40 வருஷமான பில்டிங்கை செக் பண்ணியாகணும்ங்கறது மயாமி-டேட், ப்ரோவார்ட் கவுன்டிங்க வச்சிருந்த ரூல், 2021ல மயாமி பக்கத்துல சர்ஃப்சைடுங்கற ஊர்ல அபார்ட்மென்ட் இடிஞ்சு 98 பேர் போனப்புறம் மறுவருஷம் ஸ்டேட்டே மூணு தளமும் அதுக்கு மேலயும் உள்ள கான்டோக்களுக்கு (ஃப்ளாட் ஃப்ளாட்டா சொந்தமா வாங்கற பில்டிங்) அந்த மாதிரி சட்டம் போட்டுச்சு.

பையன் வீடு அந்த ரெண்டு கவுன்டில இருந்தா ஜன்னலுக்குக் கெடுபிடி ஜாஸ்தி, புயல்ல பறந்து வர்ற கட்டையை ஜன்னலே தாங்கணும், இல்ல மேல ஷட்டர் போடணும், அதுவும் டெஸ்ட்ல அப்ரூவ் ஆன மாடலா இருக்கணும். பெர்மிட்டை கான்ட்ராக்டர் பேர்ல எடுக்கச் சொல்லுங்க. சிட்டி இன்ஸ்பெக்டர் வந்து ஃபைனல் பாத்து பெர்மிட் க்ளோஸ் ஆனப்புறம் கடைசித் தவணைப் பணத்தைக் குடுத்தாப் போதும்.