வெள்ளை வண்டும் கற்கண்டும்

அன்புள்ள ஐயா,

தென்கிழக்கு ஆசியாவில் வாழும் சைஃபோகைலஸ் வண்டு பளீர் வெள்ளையாக இருந்தாலும் அதில் வெள்ளை நிறமியே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். நிறமி இல்லையென்றால் அது கண்ணாடி மாதிரி அல்லவா தெரிய வேண்டும்? வெள்ளை வண்ணத்துப்பூச்சிக்கும் இதே கதைதானா?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

ஒரு கற்கண்டை எடுத்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதையே இடித்தால் வெள்ளைப் பொடி. நடுவில் யாரும் சுண்ணாம்பு கலக்கவில்லை. ஒவ்வொரு துணுக்கின் விளிம்பிலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. இப்படிப் பலமுறை முட்டி மோதி எல்லா நிறமும் ஒரே அளவில் வெளியே வந்தால் நம் கண்ணுக்கு அது வெள்ளை. சோப்பு நுரையும் இப்படித்தான்.

வண்டு செய்வதும் இதுவே. ஆனால் அது கையாளும் சிக்கனம்தான் அசத்தல். அதன் உடலை மூடியிருக்கும் செதிலின் தடிமன் சுமார் 5 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாம் எழுதும் தாள் ஏறக்குறைய 100. தாளை அவ்வளவு மெல்லிதாகச் சீவினால் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். வண்டுக்குக் கிடைத்த மூலப்பொருளும் சுமார்தான். பெயின்டில் போடும் டைட்டானியம் டையாக்சைடின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 2.5-க்கு மேல், வண்டின் செதில் ஆன பொருளான கைட்டினுக்கோ 1.56தான்.

அதனால் அது அடுக்கும் விதத்தில் ஈடுகட்டுகிறது. செதிலுக்குள் கால் மைக்ரோமீட்டர் பருமனுள்ள கைட்டின் இழைகள் கிளைவிட்டுத் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. இடையில் காற்று. ஒழுங்காக அடுக்கியிருந்தால் மயில் தோகை போல ஏதோ ஒரு நிறம் தூக்கலாகியிருக்கும். ரொம்ப நெருக்கினாலும் வம்பு. பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றின் சிதறலை மற்றொன்று கெடுத்துவிடும். இழைகள் பெரும்பாலும் செதிலோடு படுக்கைவாட்டில் கிடப்பதும் ஒளியை மேலே திருப்ப உதவுகிறது. 2007-இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செதிலைப் பற்றி எழுதினார்கள். 2014-இல் கேம்பிரிட்ஜ், ஃப்ளாரன்ஸ் ஆய்வாளர்கள் சிதறலை அளந்து காட்டினார்கள்.

வண்ணத்துப்பூச்சி விஷயத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது சரி. முட்டைக்கோஸ் வெள்ளை என்ற வண்ணத்துப்பூச்சியின் செதில்களில் டெரின் என்ற நிறமி மணிமணியாக ஒட்டியிருக்கிறது. அது புற ஊதாவை விழுங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்கும். ஆக, அங்கே நிறமியும் உண்டு, சிதறலும் உண்டு. (பின்னாளில் வைட்டமின் ஆய்வுக்காக நோபல் பெற்ற ஹாப்கின்ஸ், இளவயதில் இந்த நிறமியை யூரிக் அமிலம் என்று நினைத்துவிட்டார்!)

சோதித்துப் பார்க்க ஆசையா? வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிகிறதே, அதேதான். காற்று இருந்த இடைவெளியில் திரவம் புகுந்தால் சிதறல் குறையும், வெள்ளை மங்கும். கற்கண்டுப் பொடியில் மட்டும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கரைந்துவிடும். தேங்காயெண்ணெய் ஊற்றுங்கள்.